கேட்டு வாங்கிய மெயிலையே ஸ்பேம் என்று அழுத்துகிறார்களா? அனுப்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்னாள் மாணவர் சங்கம், சிறு பதிப்பகம், இசைப் பள்ளி, இணையக் கடை என்று ஏதோ ஒன்றின் மெயில் அனுப்பும் பொறுப்பு இப்போதுதான் உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். பட்டியலில் இருப்பவர்கள் அவர்களாகவே முகவரி தந்தவர்கள். ஆனாலும் சிலர் உங்கள் மெயிலை ஸ்பேம் என்று அழுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அதில் கோபம் எதுவும் இருப்பதில்லை. இனி வேண்டாம் என்று தோன்றுகிறது, விலகும் வழி கண்ணில் படவில்லை, ஸ்பேம் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. இன்னும் சிலருக்குக் கை தவறிவிடுகிறது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து பாருங்கள்: காப்பகம், ஸ்பேம், நீக்கு மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். இருபது பழைய மெயில்களைத் தேர்வுசெய்து நீக்கப்போகிறவர் ஒரு பொத்தான் தள்ளி அழுத்தினால் இருபதும் புகார்.

அழுத்தியவருக்கு அது ஒரு நொடி வேலை. உங்களுக்கு அப்படி இல்லை. புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரத்துக்கு ஒன்று நல்லது, மூன்று ஆபத்து. பட்டியல் சிறிதாக இருந்தால் கணக்கு இன்னும் கொடூரம்: 400 பேரில் இரண்டு பேர் அழுத்தினாலே அன்றைய விகிதம் 0.5. எல்லை தாண்டினால் அழுத்தாத மற்ற 398 பேருக்கும் உங்கள் அடுத்த மெயில் ஸ்பேம் பெட்டிக்குள் போகத் தொடங்கும்.

1. முதலில் கையில் சேர்க்க வேண்டியவை

உங்கள் டொமைனின் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) டிஎன்எஸ் பக்கத்துக்குள், அதாவது அந்தப் பெயருக்கான ரெக்கார்டுகளை எழுதிவைக்கும் இடத்துக்குள், நுழையும் உரிமை முதல் தேவை. சங்கங்களில் இது பழைய நிர்வாகி யாருடைய சொந்தக் கணக்கிலோ கிடக்கும். ஓடிபி அவர் எப்போதோ மாற்றிவிட்ட எண்ணுக்குப் போகும். இதை நேர்செய்யவே ஒரு வாரம் போய்விடலாம், அதனால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைத் தொடங்குங்கள்.

அடுத்தது, மெயில் அனுப்பும் சேவையின் நிர்வாகி உரிமை. இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து எல்லோரையும் பிசிசியில் (மறைநகலில்) போட்டு அனுப்பிக்கொண்டிருந்தால் அதை இத்துடன் நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பு இருக்கிறது, விலகும் வசதி கிடையாது, யார் புகார் செய்தார் என்ற தகவலும் வராது. இன்னொரு பொறி: வெளிச் சேவையில் கணக்குத் திறந்துவிட்டு, அனுப்புநர் முகவரியாக ஜிமெயில் அல்லது யாகூ முகவரியை வைப்பது. அந்த டொமைன்கள் உங்களுடையவை இல்லை என்பதால் அடையாளச் சோதனையில் மெயில் தோற்கும். சொந்த டொமைன் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

மூன்றாவது பட்டியல். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும்: சேர்ந்த தேதி, சேர்ந்த இடம் (இணையதளப் படிவம், விழாப் பதிவேடு, கடை பில்), எதற்குச் சம்மதித்தார். பழைய எக்செல் கோப்பில் பெயரும் முகவரியும் மட்டும்தான் இருக்கும். தெரிந்தவரை நிரப்புங்கள், தெரியாததைத் 'தெரியாது' என்றே குறியுங்கள். இந்த 'தெரியாது' கும்பலிடமிருந்துதான் பிறகு புகார் வரும், பார்த்துக்கொண்டிருங்கள்.

2. புகார் எங்கே தெரியும்

மூன்று இடம். மூன்றும் இலவசம், மூன்றும் வேறு வேறு விதம்.

கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்: உங்கள் டொமைனைச் சேர்த்து, அது தரும் டிஎக்ஸ்டி ரெக்கார்டை (ஒரு வரி உரை) டிஎன்எஸ்ஸில் போட்டால் திறந்துகொள்ளும். தினசரி புகார் விகிதம் மட்டும் தெரியும். யார் அழுத்தினார் என்பதை ஜிமெயில் ஒருபோதும் சொல்லாது. பட்டியல் மிகச் சிறிதாக இருந்தால் வரைபடம் வெறுமையாகவே இருக்கும், அது பிழை இல்லை. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விகிதம் கணக்கிடப்படுவது இன்பாக்ஸுக்குள் போய்ச் சேர்ந்த மெயில்களை வைத்து. எல்லாமே ஸ்பேம் பெட்டிக்குப் போய்விட்டால் அழுத்த ஆளே இருக்காது, விகிதம் பூஜ்யம் என்று காட்டும். பூஜ்யத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன், மெயில்கள் திறக்கப்படுவதும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

யாகூ புகார்களைத் தனித்தனியாக அனுப்பிவைக்கும். டிகிம் கையொப்பம் (அடுத்த பகுதியில் வருகிறது) உள்ள உங்கள் டொமைனை அதன் சென்டர் ஹப் (Sender Hub) பக்கத்தில் பதிவுசெய்து, புகார் வந்து சேர ஒரு முகவரி தர வேண்டும்.

புகார்களைத் தெரிவிக்க மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் திட்டம் ஜேஎம்ஆர்பி. இது அனுப்பும் சர்வரின் ஐபி முகவரியை வைத்து நடப்பது. பலரும் பகிர்ந்துகொள்ளும் ஐபியில் இயங்கும் சேவை வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் நீங்களே பதிவுசெய்ய முடியாது. சேவை நிறுவனம் பதிந்து வைத்திருக்கும். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ஹாட்மெயில், அவுட்லுக் புகார்கள் வந்தால் அந்த முகவரி தானாகவே தடைப்பட்டியலுக்குப் போகிறதா? ஆம் என்றால் விட்டுவிடலாம்.

3. அடையாளம்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்

உங்கள் மெயில் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் மூன்று டிஎன்எஸ் ரெக்கார்டுகள் இவை: எஸ்பிஎஃப், உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்; டிகிம், மெயிலில் இடும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி; டிமார்க், இந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற கொள்கை. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு (ஜிமெயில், அவுட்லுக் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல்) ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதலும், அவுட்லுக் 2025 மே முதலும் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. ஐந்நூறு மெயில்தான் அனுப்புகிறேன் என்றாலும் போட்டுவிடுங்கள். செலவில்லாத அரை நாள் வேலை. எப்படிப் போடுவது என்பது உங்கள் சேவையின் உதவிப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே இல்லாத பொறிகளை மட்டும் சொல்கிறேன்.

எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். புதுச் சேவை வாங்கும்போது இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. பழையதற்குள்ளேயே புதியதையும் எழுத வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினாலும் செல்லாது. டிகிம் சாவியை 2048 பிட்டில் எடுங்கள். அது 255 எழுத்தைத் தாண்டும் என்பதால் சில டிஎன்எஸ் பக்கங்கள் சத்தமில்லாமல் பாதியில் வெட்டிவிடும். சேமித்த பிறகு மறுபடி திறந்து கடைசி எழுத்துவரை இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். டிமார்க்கை 'நன்' (none) என்ற கொள்கையில் தொடங்குங்கள்; அது எதையும் தடுக்காது, அறிக்கை மட்டும் அனுப்பும். அறிக்கைகள் எக்ஸ்எம்எல் கோப்பாக நாள்தோறும் வந்து குவியும், அதற்குத் தனிப் பெட்டி வையுங்கள்.

ரெக்கார்டுகள் பரவச் சில மணி நேரம் போதும். சேவைகள் 48 மணி நேரம் என்று எழுதியிருப்பது பாதுகாப்புக்காக.

4. விலகும் வழியை ஸ்பேம் பொத்தானை விடக் கிட்டே வைக்கவும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மெயிலின் ஹெட்டரில் (வாசகர் கண்ணில் படாத தலைப்பகுதி) இரண்டு வரி இருக்க வேண்டும். முதலாவது லிஸ்ட்-அன்சப்ஸ்க்ரைப்: அதில் ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு. இரண்டாவது லிஸ்ட்-அன்சப்ஸ்க்ரைப்-போஸ்ட்: அதில் ஒரே கிளிக்கில் விலகலாம் என்ற அறிவிப்பு. இவை இருந்தால் ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் விலகும் பொத்தான் தோன்ற வழி உண்டு. யாராவது ஸ்பேம் அழுத்தினாலும் 'புகாரோடு விலகவும் வேண்டுமா, விலகினால் மட்டும் போதுமா' என்று கேட்கும் பெட்டி வரலாம். அந்தப் பெட்டியே உங்களுக்கு வர இருந்த பல புகார்களை வெறும் விலகலாக மாற்றிவிடும்.

பெரிய சேவைகள் இதைத் தாமாகவே செய்கின்றன. சொந்தமாக மென்பொருள் எழுதி அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

பொத்தானை அழுத்தியதும் ஜிமெயிலின் சர்வர் உங்கள் இணைப்புக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பும். அதில் குக்கி இருக்காது, லாகின் இருக்காது. உங்கள் இணையதளத்தின் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சோதனை) அதைப் போலி என்று நினைத்து 403 என்ற 'அனுமதி இல்லை' பிழையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பும். விலகிவிட்டேன் என்று வாசகர் நம்பியிருப்பார், அடுத்த மாதம் மறுபடி மெயில் போகும், அப்போது அவர் யோசிக்காமல் ஸ்பேம்தான் அழுத்துவார். அந்த விலகும் இணைப்புக்கு மட்டும் சிஎஸ்ஆர்எஃப் சோதனையிலிருந்து விலக்குக் கொடுங்கள். ஃபயர்வாலும் கேப்சாவும் வழியில் நிற்கக் கூடாது.

ரீடைரக்டும் கூடாது. இணைப்பில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' இல்லாமல் எழுதி, சர்வர் அதைச் சேர்த்துத் திருப்பிவிட்டால் போஸ்ட் பாதி வழியில் தொலைந்துபோகும். இறுதி முகவரியையே ஹெட்டரில் எழுதுங்கள். இரண்டு ஹெட்டர்களும் டிகிம் கையொப்பத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். வெளியே இருந்தால் பொத்தான் வராமல் போகலாம்.

மெயிலுக்குள் இருக்கும் இணைப்பு வேறு. அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் மெயிலில் உள்ள எல்லா இணைப்பையும் தானே திறந்து பார்க்கும். திறந்தவுடன் விலக்கிவிடும்படி வைத்திருந்தால், ஒரு நிறுவனத்தில் உள்ள உங்கள் வாசகர்கள் அத்தனை பேரும் அவர்களுக்கே தெரியாமல் காணாமல் போவார்கள். எனவே இந்த இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அதில் 'விலகுகிறேன்' என்று ஒரே ஒரு பொத்தான் இருக்கட்டும். கடவுச்சொல் கேட்காதீர்கள். முகவரியை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். ஏன் போகிறீர்கள் என்று கட்டாயக் கேள்வி வைக்காதீர்கள். இணைப்பில் முகவரியை அப்படியே எழுதாமல் புரியாத குறியீடாக வையுங்கள், இல்லாவிட்டால் வேறொருவரை யாரும் நீக்கிவிடலாம்.

இணைப்பு எங்கே? அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்தில் ஒளித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. நீளமான மெயிலை ஜிமெயில் சுமார் 102 கேபியில் வெட்டிவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் குறைந்தது மூன்று பைட் என்பதால் தமிழ்ச் செய்திமடல் ஆங்கிலத்தை விட வேகமாக அந்த எல்லையைத் தொடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, அதாவது விலகும் இணைப்பு. மேலேயே ஒரு வரி போடுங்கள்: 'இம்மடல் வேண்டாமா? இங்கே அழுத்தினால் உடனே நிற்கும்.' இப்படி வைத்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று செயற்குழுவில் யாராவது சொல்வார். ஓட நினைப்பவர் எப்படியும் ஓடுவார். எந்தக் கதவு வழியாக என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

விலகல் நடைமுறைக்கு வர ஜிமெயில் தரும் அவகாசம் இரண்டு நாள். அமெரிக்கச் சட்டம் பத்து வேலைநாள் தருகிறதே என்று அதை நம்பாதீர்கள். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

5. யார் அனுப்பியது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும்

அனுப்புநர் பெயரை ஒரு முறை முடிவு செய்தால் மாற்றாதீர்கள். போன மாதம் சங்கத்தின் பெயர், இந்த மாதம் செயலாளரின் பெயர், விழாச் சமயத்தில் விழாவின் பெயர் என்று போனால் வாசகருக்கு மூன்றுமே அந்நியர். சங்கத்தின் முழுப் பெயர் நீளமாக இருந்தால் போன் திரையில் முதல் இரண்டு சொல்தான் தெரியும். எல்லோரும் வாயால் எப்படிச் சொல்கிறார்களோ அந்தச் சுருக்கப் பெயரை முன்னால் வையுங்கள்.

மெயிலின் முதல் பத்தியிலோ அடியிலோ, ஏன் வருகிறது என்று சொல்லுங்கள்: 'பிப்ரவரி 2025 ஆண்டு விழாவில் பதிவுசெய்தபோது நீங்கள் தந்த முகவரிக்கு இது வருகிறது.' முதல் படியில் சேர்த்த மூன்று விவரம் இங்கே பயன்படும்.

ரசீது, கடவுச்சொல் மாற்றம், டிக்கெட் போன்றவை ஒரு துணை டொமைனிலிருந்தும் செய்திமடலும் சலுகையும் வேறொன்றிலிருந்தும் போகட்டும். செய்திமடலுக்கு வந்த புகார் ரசீதையும் இழுத்துக்கொண்டு போவதை இது பெருமளவு தடுக்கும்.

6. தவறான ஆளுக்குப் போகும் மெயில்

இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் பெயர்கள் இனிஷியலும் ஒரு பெயரும். அதே இனிஷியல், அதே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பதால் ஜிமெயிலில் எல்லோரும் பின்னால் ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். படிவத்தில் எழுதும் அவசரத்தில் அந்த எண் விட்டுப்போகும், அல்லது 82 என்பது 28 ஆகும். மெயில் திரும்பி வராது. அந்த முகவரிக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு உங்கள் சங்கமும் தெரியாது, விழாவும் தெரியாது. அவர் ஸ்பேம் அழுத்துவது முழுக்க நியாயம். புள்ளி மாறினால் பிரச்சினை இல்லை, ஜிமெயில் முகவரிகளில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. காகிதப் பதிவேட்டில் கையால் எழுதிய முகவரிகள் இன்னும் மோசம்: ஆங்கில எல் எழுத்தும் ஒன்றும், ஓ எழுத்தும் பூஜ்யமும் ஒன்று போலவே இருக்கும்.

தீர்வு ஒன்றுதான்: முகவரி வந்ததும் ஒரே ஒரு உறுதிப்படுத்தல் மெயில். அதில் உள்ள பொத்தானை அழுத்தியவரை மட்டும் பட்டியலில் சேர்க்கவும். அழுத்தாதவருக்கு இரண்டாவது நினைவூட்டல் வேண்டாம். பதிவில் ஒரு பகுதி குறையும். குறைந்தவர்களில் பலர் தவறான முகவரிகள்தாம்.

உறுதிப்படுத்தலை அன்றைக்கே அனுப்புங்கள். விழாவில் வாங்கிய முகவரிக்கு ஐந்து மாதம் கழித்து முதல் மெயில் போனால் தந்தவருக்கே நினைவிருக்காது. வாட்ஸாப் குழுவிலிருந்து எடுத்தது, விசிட்டிங் கார்டிலிருந்து ஏற்றியது, இன்னொரு அமைப்பு 'நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று தந்தது: இவை எதுவும் சம்மதம் ஆகாது.

7. புகார் வந்துவிட்டால்

வரும் அறிக்கை ஏஆர்எஃப் என்ற வடிவில் மூன்று பகுதியாக இருக்கும்: மனிதர் படிக்கும் குறிப்பு, இயந்திரம் படிக்கும் விவரம், நீங்கள் அனுப்பிய மூல மெயில். சில நிறுவனங்கள் பெறுநர் முகவரியை மறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு மெயிலின் ஹெட்டரிலும் சந்தாதாரர் எண்ணை உங்கள் சொந்தக் குறியீடாகச் சேர்த்துவிடுங்கள், அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

கண்டுபிடித்ததும் உடனே நிறுத்துங்கள். போன் செய்து 'ஏன் அழுத்தினீர்கள்' என்று கேட்காதீர்கள், விளக்க மெயிலும் அனுப்பாதீர்கள். தெரிந்தவராகவே இருந்தாலும், தவறுதலாக அழுத்தியிருப்பார் என்று உறுதியாகத் தோன்றினாலும் இதே விதி. வேண்டுமென்றால் அவரே திரும்பிக் கேட்பார். நீக்கிய முகவரியைத் தடைப்பட்டியலில் வைத்திருங்கள். அடியோடு அழித்துவிட்டால் அடுத்த முறை யாரோ பழைய எக்செல்லை ஏற்றும்போது அவர் மறுபடி உள்ளே வந்துவிடுவார்.

விகிதம் 0.3ஐத் தாண்டினால் அடுத்த மடலை நிறுத்திவையுங்கள். கடந்த இரண்டு மாதத்தில் இணைப்பை அழுத்தியவர், பதில் போட்டவர், வாங்கியவர், புதிதாகச் சேர்ந்தவர் ஆகியோருக்கு மட்டும் அனுப்புங்கள். 'திறந்தவர்' எண்ணிக்கையை நம்ப வேண்டாம்: 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கிவிடுகிறது. மொத்தமாக அனுப்புகிறவர் ஜிமெயிலின் நிவாரணத்துக்கு (மெயில் போய்ச் சேராத சிக்கலைத் தீர்க்க அது செய்யும் உதவி) விண்ணப்பிக்க விகிதம் தொடர்ந்து ஏழு நாள் 0.3க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். நல்ல பெயர் முழுதாகத் திரும்பச் சில வாரங்கள் ஆகும். டொமைனை மாற்றி ஓடிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். புது டொமைனுக்கு எந்தப் பெயரும் இல்லை என்பதால் அதன் நிலை இன்னும் பலவீனம்.

8. தவறுதலாக அழுத்திய வாசகர் கேட்டால்

ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டியைத் திறந்து, மெயிலைத் தேர்வுசெய்து, 'ஸ்பேம் இல்லை' என்பதை அழுத்தச் சொல்லுங்கள். முப்பது நாளில் அது தானே அழிந்துவிடும், அதற்குள் செய்ய வேண்டும். பிறகு உங்கள் முகவரியைத் தொடர்புகளில் சேர்க்கட்டும். கணினி உள்ளவர் அமைப்புகளில் வடிகட்டி ஒன்று உருவாக்கி 'ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்பதைத் தேர்வுசெய்தால் இன்னும் உறுதி; போன் செயலியில் இந்த வசதி இல்லை. அவுட்லுக்கில் பாதுகாப்பான அனுப்புநர் பட்டியல் இருக்கிறது. அலுவலக மெயில் என்றால் பெரும்பாலும் அவர்களுடைய ஐடி பிரிவுதான் அனுமதிக்க வேண்டும்.

அவர் விலகும் பொத்தானையும் சேர்த்து அழுத்தியிருந்தால் இவை மட்டும் போதாது. புதிதாகப் படிவம் நிரப்பித்தான் சேர வேண்டும். நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

9. செலவும் காலமும்

போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ், யாகூ பதிவு, டிஎன்எஸ் ரெக்கார்டுகள்: செலவு இல்லை. தொழில்நுட்பம் தெரிந்தவர் கையில் இருந்தால் அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ் ஆயிரம் மெயிலுக்கு 0.10 டாலர். புதுக் கணக்கில் ஒரு நாளைக்கு 200 மெயில்தான், அதுவும் நீங்கள் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். இந்த வரம்பிலிருந்து வெளியே வர விண்ணப்பிக்க வேண்டும், அங்கே பட்டியல் எப்படிச் சேர்ந்தது என்று கேட்பார்கள். புகார் 0.1 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்புக்குப் போகும், 0.5ஐத் தொட்டால் முடக்கப்படலாம்.

தனி ஐபி வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் சில ஆயிரம் மெயிலுக்கு அதில் பெயர் சேரவே சேராது. 'இன்பாக்ஸ் உத்தரவாதம்' என்று விற்கும் எதற்கும் பணம் கட்டாதீர்கள். அந்த உத்தரவாதத்தைத் தர ஜிமெயிலைத் தவிர யாராலும் முடியாது, ஜிமெயில் தருவதில்லை.

டிஎன்எஸ் உரிமை கையில் இருந்தால் முதல் வாரத்தில் ரெக்கார்டுகளும் பதிவுகளும் முடியும். இரண்டாம் வாரம் விலகும் வழியை எழுதி, ஜிமெயில், யாகூ, அவுட்லுக் மூன்றிலும் ஒவ்வொரு சோதனைக் கணக்கு வைத்து நீங்களே விலகிப் பாருங்கள். ஜிமெயிலில் பொத்தான் தெரியாவிட்டால் 'அசலைக் காட்டு' என்பதைத் திறந்து இரண்டு ஹெட்டரும் இருக்கின்றனவா, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்கிறதா என்று பார்க்கவும். எல்லாம் சரியாக இருந்தும் புது டொமைனுக்குப் பொத்தான் சில வாரம் கழித்தே தோன்றலாம். அதற்குள் மூலநிரலை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.